நடக்கத் தெரியாத பிரஜைகள்

நம் தேசத்தில் சர்க்காருக்கு மனுப் போடாத வகுப்பார் அநேகமாக யாரும் இல்லை. விவசாயிகள் மனுப் போடுகிறார்கள். வியாபாரிகள் மனுப் போடுகிறார்கள். உத்தியோகஸ்தர்கள் சங்கம் கூடித் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். ஒரே ஒரு கூட்டத்தார் மட்டும் எந்த மந்திரியின் வாசலிலும் போய் நின்றதில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது, பேசத் தெரியாது, அவர்களில் பலருக்கு எழுந்து நடக்கவும் தெரியாது. வாக்குரிமை கிடைக்க இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அழ மட்டும் நன்றாகத் தெரியும். அந்த அழுகையோ வீட்டுக் கூடத்தைத் தாண்டிச் சட்டசபை மண்டபம் வரையில் கேட்பதில்லை.

மூன்று வயது நிறையாத குழந்தைகளைத்தான் சொல்கிறோம். பாரத தேசத்தில் ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் சுமார் ஆறு கோடிப் பேர் இந்த வயதில் இருப்பார்கள். பல சுதந்திர நாடுகளின் மொத்த ஜனத்தொகையைவிட இது அதிகம்.

நம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் வரையில் நடந்து வரக்கூடிய குழந்தைக்குச் சோறு உண்டு. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, எம். ஜி. ராமச்சந்திரன் 1982-ல் விரிவாக்கிய சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு ஆகிய மூன்றும் நாம் பெருமைப்பட வேண்டிய காரியங்கள். ஆனால் சோறு இருக்கும் இடத்துக்கு நடந்து போகத் தெரியாத குழந்தையின் கதி என்ன? அதற்கு ஆகாரமாகவே இருக்கிறவள் தாய். அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அல்லது அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அன்புள்ள வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னதற்குத் தாயின் கூலி நஷ்டத்தை யாராவது ஈடு செய்தாக வேண்டும். பின்னதற்கு ஓர் இடமும் ஓர் ஆளும் வேண்டும். இவ்விரண்டையும் ஏற்படுத்துவது தான தர்மம் அல்ல, ராஜ்யத்தின் கடமை என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த விஷயம்.

ஆயிரம் நாள்

கருவுற்ற நாள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரையில் ஏறக்குறைய ஆயிரம் நாள். வைத்திய சாஸ்திரம் இந்த ஆயிரம் நாளைத் தனியாகப் பிரித்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனுடைய மூளையின் எடையில் சுமார் நாலில் ஒரு பங்குதான் இருக்கிறது. இரண்டு வயது முடிவதற்குள் அது முக்கால் பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. ஆயுள் முழுவதற்கும் வேண்டிய கட்டடத்தின் பெரும் பகுதி இந்தக் குறுகிய காலத்தில் எழும்பிவிடுகிறது என்று அர்த்தம். அப்போது செங்கல் போதாமற் போனால், பிற்பாடு பள்ளிக்கூடத்தில் எவ்வளவு சுண்ணாம்பு பூசினாலும் குறை முழுவதும் மறையாது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றும், அதன் பிறகு மற்ற ஆகாரத்துடன் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. உபதேசம் மிக நல்லதுதான். ஆனால் பிரசவமான இரண்டாவது மாதமே சித்தாள் வேலைக்கோ நாற்று நடவுக்கோ திரும்ப வேண்டியிருக்கும் தாயிடம் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது, பசித்தவனிடம் பந்தியின் பெருமையைப் பேசுவது போன்றதாகும்.

விளைவைக் கணக்கிலே காணலாம். 2019 முதல் 2021 வரையில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முன்னேறிய மாகாணம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு 25 பேர் அப்படி இருக்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் ரத்தச் சோகை உள்ளவர்கள் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 67 பேர். தமிழ்நாட்டில் 57 பேர். இத்தனைக்கும் நெற்களஞ்சியங்கள் காலியாக இல்லை.

சட்டம் வந்த வழி

பிரசவித்த தாய்க்கு ஓய்வும் அந்த ஓய்வுக்கு ஊதியமும் வேண்டும் என்ற கோரிக்கை புதியதல்ல. 1919-ஆம் வருஷத்தில், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பிறந்த அதே ஆண்டில், பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் ஓய்வு தரவேண்டும் என்று உடன்படிக்கை வகுத்தார்கள். அந்த உடன்படிக்கையில் ஒரு நுட்பம் இருந்தது. தாய்க்குக் கொடுக்கும் பணம் பொதுக் கஜானாவிலிருந்தோ, இன்ஷூரன்ஸ் ஏற்பாட்டின் மூலமாகவோ வரவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. முதலாளி தலையில் மட்டும் கட்டிவிடவில்லை.

இந்த நுட்பத்தை நம் நாட்டில் நன்றாக உணர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது அவர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது தேசத்துக்கே நன்மை என்றும், ஆகவே இந்தச் செலவைப் பெரும்பாலும் சர்க்காரே ஏற்பது நியாயம் என்றும் எடுத்துக்காட்டினார். சர்க்கார் ஏற்காத வரையில், பெண்களின் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளி தாங்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. 1929-ல் பம்பாயில் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணத்துச் சட்டம் 1934-ல் வந்தது. சுதந்திரம் கிடைத்த பின் 1961-ல் தேசம் முழுவதற்கும் ஒரே சட்டம் இயற்றிப் பன்னிரண்டு வாரச் சம்பளத்தோடு விடுமுறை அளித்தார்கள். 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. பிறகு இந்த விதிகள் 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன.

இருபத்தாறு வாரம்! பல பணக்கார நாடுகளே பொறாமைப்படக்கூடிய அளவு. தமிழ்நாட்டு சர்க்கார் தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் அளிக்கிறது. நம் வாசகர்களின் வீடுகளில் உத்தியோகம் பார்க்கும் பெண்மணிகள் பலர் இதன் பலனை அனுபவித்திருப்பார்கள். ஆனால் நம் தேசத்தில் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆலையிலும் ஆபீஸிலும் இல்லை. வயலிலும், செங்கல் சூளையிலும், வீட்டு வேலையிலும், தெருவோரக் கடையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலாளி என்று சுட்டிக்காட்ட ஒருவர் கிடையாது. இருந்தாலும் நாளுக்கு ஒருவராய் மாறுவார். முதலாளியே சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம், முதலாளி இல்லாதவளுக்கு என்ன கொடுக்கும்?

உள்ளவர்களுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. விடுமுறைச் சம்பளம் முழுவதையும் கம்பெனியே ஏற்க வேண்டியிருந்தால், கல்யாணமான இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கலாமா என்று முதலாளி யோசிக்க ஆரம்பிக்கிறார். உதவி செய்ய வந்த சட்டமே கதவை மூடுகிறது. 1948-ல் இயற்றிய தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டுச் சட்டத்தில் இந்தக் குறை இல்லை. அங்கே ஆண் பெண் எல்லார் பேரிலும் சந்தா சேருகிறது. பிரசவ காலப் பணம் பொது நிதியிலிருந்து வருகிறது. சரியான வழி அதுவே. அந்த வழியை வயற்காட்டு வரப்பு வரையில் நீட்டவில்லை என்பதுதான் குறை.

ஆறாயிரம் ரூபாயின் கதை

நீட்ட ஒரு முயற்சி நடந்தது. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நாலாவது பிரிவு, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத உதவி கிடைக்க வேண்டும் என்று விதித்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் போன்று வேறு வழியில் பெறுகிறவர்களுக்கு மட்டுமே விலக்கு. ஆனால் 2017-ல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அது முதற் குழந்தைக்கு மட்டும், அதுவும் ஐயாயிரம் ரூபாய் என்று சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு வேறு திட்டத்தில் கொடுக்கும் தொகையைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்தார்கள். 2022-ல் விதியை மாற்றி, இரண்டாவது குழந்தை பெண்ணானால் ஆறாயிரம் என்றார்கள். பெண் சிசுவைப் போற்றும் எண்ணம் நல்லதே. ஆயினும் இரண்டாவதாகப் பிறந்த பையனுக்கும் பசிக்குமே! தான் எத்தனையாவது பிள்ளை என்பது தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தெரியுமா?

தமிழ்நாடு இவ்விஷயத்தில் முன்னோடி. சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-ல் ஏழைத் தாய்மாருக்கு முந்நூறு ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். 2006-ல் அது ஆறாயிரம் ஆயிற்று; 2011-ல் பன்னீராயிரம்; 2018-ல் சத்துப் பொருள்களின் மதிப்பையும் சேர்த்துப் பதினெண்ணாயிரம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இத்திட்டத்தைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1951-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 146 குழந்தைகள் முதல் வயது நிறைவதற்குள் மாண்டன. 2020-ல் அந்த எண் தேசத்துக்கு 28 ஆகவும் தமிழ்நாட்டுக்கு 13 ஆகவும் குறைந்தது. தடுப்பூசி, ஆஸ்பத்திரி, கிராம நர்ஸுகள், பெண் கல்வி என்று பல காரணங்கள் சேர்ந்து செய்த காரியம் இது. சர்க்கார் மனம் வைத்தால் சிசுக்கள் பிழைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பிழைத்த சிசுவை நன்றாக வளர்ப்பதுதான் அடுத்த வேலை.

மகாத்மாவின் நூற்றாண்டும் ஒரு கூடாரமும்

தாய் வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தை எங்கே இருக்கிறது? வயல்வேலையானால் வேப்ப மரத்துக் கிளையில் தூளி தொங்குகிறது. கட்டட வேலையானால் மணற் குவியலின் ஓரத்தில் கிடக்கிறது. பல வீடுகளில் எட்டு வயது அக்காள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். ஒரு குழந்தைக்குக் காப்பகம் இல்லாததால் இரண்டு குழந்தைகளின் வாழ்வு கெடுகிறது.

1969-ஆம் வருஷம் டில்லி ராஜகட்டத்தில் காந்தி மகானின் நூற்றாண்டு விழாவுக்காகக் கண்காட்சி மண்டபங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கல்லும் மண்ணும் சுமந்த தாய்மாரின் குழந்தைகள் அங்கே புழுதியில் கிடந்தார்கள். ஏழையின் கண்ணீரைத் துடைக்க வாழ்ந்தவரின் ஞாபகார்த்தம் எழும்புகிற இடத்திலேயே இந்தக் காட்சி! இதைக் கண்டு மனம் பொறாத ஸ்ரீமதி மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் அடித்துக் குழந்தைகளைக் கவனிக்க ஆரம்பித்தார். வேலை ஓரிடத்தில் முடிந்து தொழிலாளர் வேறிடம் போனால் காப்பகமும் கூடவே போயிற்று. 'மொபைல் க்ரெஷஸ்' என்ற ஸ்தாபனம் இப்படித்தான் பிறந்தது.

ஒரு பெண்மணியின் கருணை ஒரு கூடாரத்தை எழுப்பலாம். ஆறு கோடிக் குழந்தைகளுக்குக் கூடாரம் எழுப்பக் கருணை மட்டும் போதாது. சட்டமும் பட்ஜெட்டும் வேண்டும்.

சட்டம் இல்லாமற் போகவில்லை. 1948-ஆம் வருஷத்து ஆலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் ஐம்பதை முப்பதாகக் குறைத்தார்கள். 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் தேயிலைத் தோட்டங்களுக்கு இப்படியே விதித்தது. பெண்களின் எண்ணிக்கையைக் கொண்டு விதி செய்ததில் ஒரு வஞ்சகத்துக்கு இடம் ஏற்பட்டது. முப்பது வரையில் பெண்களை வைத்துக்கொண்டு அடுத்தவளை எடுக்காமல் விட்டால் காப்பகச் செலவு மிச்சம்! 2017-ஆம் வருஷத்துத் திருத்தம் இதைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஆணோ பெண்ணோ, ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த ஸ்தாபனத்திலும் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று விதித்தது. குழந்தை தாய்க்கு மட்டும் பிறந்ததல்ல என்ற உண்மை ஒருவாறு சட்டப் புத்தகத்தில் ஏறியது.

கையிலே வெண்ணெய்

ஐம்பது பேர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒரு பெரிய சாதனத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, முப்பத்து மூன்று வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதில் வந்ததே அங்கன்வாடி. 2006-ல் உச்ச நீதிமன்றம், எந்தக் குடியிருப்பும் விடுபடக் கூடாது, பதினாலு லட்சம் மையங்கள் வேண்டும் என்று கட்டளையிட்டது. இன்று ஏறக்குறைய அத்தனை மையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54,000 உண்டு.

ஆனால் அங்கன்வாடி பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் வந்து உட்காரும் இடமாகவே இருக்கிறது. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைக்குச் சத்து மாவைப் பொட்டலம் கட்டித் தாயிடம் கொடுத்தனுப்புகிறார்கள். மாவு நல்ல மாவுதான். கஞ்சி காய்ச்சி, ஆற்றி, பொறுமையாக ஊட்டுவதற்கு ஆள் வேண்டாமா? தாய் காலையில் போனால் மாலையில் வருகிறாள். அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்தும் ஏற்பாடு 2022-ல் 'பால்னா' என்ற பெயரில் தொடங்கியிருக்கிறது. பெயர் தொட்டில் என்று பொருள்படும். தொட்டில் தெருவுக்குத் தெரு வரவேண்டும்.

ஆட்சேபணைகள்

"எங்கள் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா? அப்போது எந்த சர்க்கார் உதவிற்று?" என்று சிலர் கேட்கக்கூடும். பெற்றார்கள், வாஸ்தவம். பத்தில் எத்தனை தங்கின என்பதையும் அந்தப் பாட்டிமார்தான் அறிவார்கள். தங்கியவற்றை எடுத்து வளர்க்க அத்தை, சித்தி, பெரியம்மா என்று ஒரு வீட்டில் பலர் இருந்தார்கள். இன்றோ பிழைப்புக்காகப் பட்டணத்துக்கு வந்த தம்பதிகளுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்பும்தான் துணை.

"பெண்கள் வேலைக்குப் போவானேன்?" என்று வேறு சிலர் கேட்கலாம். ஏழைப் பெண் பொழுது போகாமல் கல் சுமக்கப் போகவில்லை என்பதே இதற்குப் பதில்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது மூன்றாவது ஆட்சேபணை. இதற்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். இரண்டு கோடிப் பிரசவங்களுக்குத் தலைக்கு ஆறாயிரம் ரூபாய் வீதம் கொடுத்தால் பன்னீராயிரம் கோடி ரூபாய் ஆகிறது. 2025-26-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு மதிப்பு ஐம்பது லட்சம் கோடிக்கு மேல். ஆகவே சர்க்கார் செலவழிக்கும் நூறு ரூபாயில் கால் ரூபாய்க்குள் அடங்கிவிடும் காரியம் இது.

பணக்காரர்களாக ஆன பிறகுதான் செய்ய முடியும் என்பதும் சரியல்ல. பின்லாந்து 1917-ல் சுதந்திரம் பெற்று, உடனே உள்நாட்டு யுத்தத்தில் நொந்த சிறு தேசம். 1930-களில் அங்கே ஆயிரத்துக்கு அறுபதுக்கு மேற்பட்ட சிசுக்கள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1938 முதல் ஏழைத் தாய்மாருக்குக் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டி ஒன்றை அந்த சர்க்கார் கொடுத்தது. 1949-ல் ஏழை பணக்காரர் என்ற பேதத்தை நீக்கி எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்தது. கர்ப்பகாலத்தில் நாலு மாதம் முடிவதற்குள் வைத்திய நிலையத்துக்கு வந்து காட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. அந்நாடு செல்வம் சேர்த்த பிறகு குழந்தைகளைக் கவனிக்கவில்லை. குழந்தைகளைக் கவனித்துக்கொண்டே செல்வம் சேர்த்தது.

வேண்டுவன

நாம் வேண்டுவது இவ்வளவுதான். முதலாவதாக, எந்தத் தொழில் செய்யும் தாயானாலும், எத்தனையாவது குழந்தையானாலும், 2013-ஆம் வருஷத்துச் சட்டம் வாக்களித்த தொகை முழுமையாய் வரவேண்டும். அது படிப்படியாக ஆறு மாதக் கூலிக்குச் சமமாக உயர வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு அங்கன்வாடியிலும் கைக்குழந்தைகளுக்கென்று தனி அறையும் தனி ஆயாவும் ஏற்பட்டு, தாயின் வேலை நேரம் முழுவதும் அது திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, அங்கன்வாடி ஊழியரைக் 'கௌரவ ஊழியர்' என்று அழைத்துக் கௌரவத்தை மட்டும் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மத்திய சர்க்கார் 2018-ல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். அதன்மேல் மாகாண சர்க்கார்கள் தங்களால் இயன்றதைச் சேர்க்கின்றன. தேசத்தின் மூளையை வளர்க்கிறவளுக்கு மாதச் சம்பளம் என்ற பெயரே கிடையாது! நாலாவதாக, மத்திய சர்க்கார் ஊழியருக்கு உள்ள பதினைந்து நாள் தந்தை விடுமுறை எல்லாத் தகப்பன்மாருக்கும் கிடைக்க வேண்டும். தொட்டில் ஆட்டினால் ஆண்மைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒன்று உண்டு. 2002-ஆம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தம் ஆறு முதல் பதினாலு வயது வரையுள்ள குழந்தைக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ, ராஜ்யம் பாடுபட முயல வேண்டும் என்று நாற்பத்தைந்தாவது ஷரத்தில் எழுதிவிட்டு நின்றது. உரிமை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். முயற்சி என்றால் காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் காத்திருக்கலாம், ஆயிரம் நாள் ஆயுளுள்ள ஒரு பருவம் எப்படிக் காத்திருக்கும்?

அடுத்த முறை வாக்குக் கேட்டு யார் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாலும், சாலை, தண்ணீர், விளக்கு எல்லாவற்றையும் கேட்ட பிறகு, இதையும் கேளுங்கள்: "இந்தத் தெருவில் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் நிம்மதியாய் வேலைக்குப் போக இடம் எங்கே, ஐயா?" தமக்கு வாக்கு இல்லாத பிரஜைகளின் சார்பாக, வாக்கு உள்ள நாம் செய்யக்கூடிய மனு இது.